சொட்டு நீலம்

அந்தத் தாளின் ஜெராக்ஸ் இன்னும் என் கேஸ் கட்டில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்த அரைப் பக்கம். அழகான கையெழுத்தில் ஒரு கணக்கு. வாடகை பாக்கி, அக்டோபர், நவம்பர்: 44,000. ஒப்பந்தத்தின் மீதிக் காலம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதம்: 88,000. பெயிண்ட் செலவு: 22,000. மொத்தம் 1,54,000. கழிக்க, அட்வான்ஸ் 1,50,000. அடியில் இரட்டைக் கோடு போட்டு, ‘தாங்கள் தர வேண்டியது ரூ. 4,000 மட்டும்’.

ஒழுகுகிற வீட்டில் இனி இருக்க முடியாது, டிசம்பர் கடைசியில் காலி செய்கிறேன் என்று சொன்னவருக்கு வீட்டுக்காரர் கொடுத்த பதில் அது. கூட்டலில் ஒரு ரூபாய்கூடப் பிசகில்லை.

2021 நவம்பர் கடைசி வாரம். அந்த மாதம் 7-ஆம் தேதி விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் தெருவெல்லாம் குளமாக நின்றது நினைவிருக்கலாம். தம்பு செட்டித் தெருவில் என் அலுவலகப் படியேறி வந்தவர், ஈரக் குடையை வெளியே வைக்கவா, உள்ளே கொண்டு வரவா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைந்தார். வீட்டில் ஒழுகுகிறவர்களுக்கு அந்த ஜாக்கிரதை வந்துவிடும் போலிருக்கிறது. ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை. அம்மாவோடு மேற்கு மாம்பலத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். ஜூன் மாதம் குடிவந்தது. இரண்டு படுக்கையறை, வாடகை 22,000.

ஜூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை, அம்மா படுக்கும் அறையின் சீலிங்கில். ஆகஸ்டில் சொட்ட ஆரம்பித்தது. அக்டோபரில் ஒரு முழம் பூச்சு பெயர்ந்து விழுந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. தீபாவளி முடிந்த வாரம் ஃபேன் ரெகுலேட்டரைத் தொட்ட அம்மாவுக்குச் சுரீரென்று ஷாக் அடித்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, ஓதம் வயர் போகிற குழாய்க்குள் இறங்கிவிட்டது என்று சொல்லி அந்த அறைக்குப் போகிற லைனையே துண்டித்துவிட்டார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். அவருக்கு வீசிங் வேறு.

“வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

“பார்க்கறேன் தம்பிங்கறார் மேடம். எப்ப போன் பண்ணாலும் பார்க்கறேன் தம்பி.”

“எழுதிக் கேட்டீங்களா?”

“வாட்ஸ்அப்ல போட்டிருக்கேனே.”

ஃபோனை நீட்டினார். பதினேழு புகைப்படங்கள். கறை, கறை, வாளி, மறுபடி கறை, கம்பி. ஒரு படத்துக்கும் கீழே ஒரு வரி இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு கை கூப்பிய கும்பிடு. சீலிங்கைப் படம் பிடித்து அனுப்பினால் ‘பழுது பார்த்துத் தாருங்கள்’ என்று எழுதிக் கேட்டதாக ஆகுமா? அந்தக் கும்பிடு சம்மதமா, மன்னிப்பா, ஆளை விடு என்பதா? ஒரு நாள் முழுக்க வாதாடலாம். இரண்டு தரப்பிலும் ஃபீஸ் வாங்கலாம். என் கட்சிக்காரருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எழுதிக் கேட்டாரா என்பதில் நான் ஏன் தொங்கினேன் என்று சொல்ல வேண்டும். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பழுது பார்ப்பதைப் பற்றியது. கட்டட அமைப்பில் வருகிற பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள் குடித்தனக்காரர் தலையில். வீட்டுக்காரர் செய்யாவிட்டால் குடித்தனக்காரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பழுது பார்க்காமல் வசிக்கவே முடியாது என்ற நிலை வந்து, எழுத்து மூலம் கேட்டும் வீட்டுக்காரர் மறுத்தால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். அந்த ‘எழுத்து மூலம்’ என்ற இரண்டு சொல்தான் என் கட்சிக்காரரிடம் இல்லை.

இன்னொன்றும் இல்லை. அவருடைய ஒப்பந்தம், ஊரில் எல்லோரும் போடுகிற அதே பதினோரு மாதத் தாள், 20 ரூபாய் பத்திரத்தில். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குப் பயந்து யாரோ கண்டுபிடித்த பதினோரு மாதம் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய சட்டமோ எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை ஆணையத்தில் பதியச் சொல்கிறது. இவர்கள் பதியவில்லை. யார்தான் பதிந்தார்கள்? நான் என் அலுவலகத்துக்கு 2019-இல் போட்ட ஒப்பந்தத்தையே எட்டு மாதம் கழித்துத்தான் பதிந்தேன்.

அந்தத் தாளில் ‘லாக்-இன்’ என்ற ஷரத்து ஒன்று. பதினோரு மாதம் முடியுமுன் காலி செய்தால் மீதிக் கால வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொள்ளலாம். 88,000 அங்கிருந்துதான் முளைத்தது. இது எனக்குப் பெரிய கவலையாக இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டால் அப்படியே சுருட்டிக்கொள்ளலாம் என்பதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். கைலாஷ்நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. என் கவலை வேறு.

“ரெண்டு மாச வாடகையை ஏன் நிறுத்தினீங்க?”

“அப்பவாவது வந்து பார்ப்பார்னு...”

இதைச் செய்யாத குடித்தனக்காரரை நான் பார்த்ததில்லை. கோபத்துக்கு அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது, வெட்டுவதும் அவரைத்தான். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்ல அதே சட்டம் வீட்டுக்காரருக்கு வழி வைத்திருக்கிறது. நியாயம் கேட்டு வந்தவர் நீதிமன்றத்தில் பாக்கிக்காரராக நிற்பார். முதலில் 44,000 ரூபாயைக் கட்டுங்கள், உங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் கட்டுவதாக ஒரு வரி எழுதி வங்கி மூலம் அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பி மிரட்டுவேன் என்று எதிர்பார்த்து வந்தாரோ என்னவோ.

டிசம்பர் முதல் வாரம் நோட்டீஸ் எழுதினேன், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. பழுதுகளை வரிசையாகச் சொல்லி, சரி செய்யக் கேட்டு, செய்யாத பட்சத்தில் 31-ஆம் தேதி காலி செய்வதாக. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனேன். வழக்குக்கு வேண்டியது எதுவும் என் மேஜைக்குத் தானாக வந்ததில்லை.

சமையலறைச் சுவரில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. பால் பாக்கெட் எண்ணிக்கை, சிலிண்டர் வந்த தேதி, கீரைக்காரிக்குப் பாக்கி பதினைந்து என்று கட்டம் கட்டமாகப் பென்சில் எழுத்து. நடுநடுவே ‘மே.த. 1’, ‘மே.த. 7½’ என்று இருந்தது. சில நாட்களில் அதற்குப் பக்கத்திலேயே ‘ஹெச்.எம். போன்’. மகனைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

“மேல் தண்ணிதான்” என்றார் அம்மா. “ராத்திரி ஒரு மணிக்குச் சொட்டினா ஒண்ணு. காலைல ஏழரைக்குன்னா ஏழரை. ஹெச்.எம்.முக்குப் போன் பண்ணினா அதையும் எழுதி வெச்சுடுவேன். கணக்கு வேணும்ல வக்கீலம்மா.”

ஹெச்.எம். என்பது வீட்டுக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியப் பணத்தைப் போட்டு இந்த வீட்டை வாங்கிவிட்டு, தாம்பரத்தில் மகன் வீட்டில் இருந்தார்.

ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு தாள்கள். சம்பவம் நடந்தபோதே தன் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்து ஒரு சாட்சி நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றது அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு. வாட்ஸ்அப் படங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 65பி சான்றிதழ் வேண்டியிருந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று உறுதிப்படுத்தியிருந்தது. காலண்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆணியிலிருந்து கழற்றினால் போதும். நான் சட்டப் பிரிவுகளாக யோசித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த பிளம்பர் காலண்டரை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கோடம்பாக்கத்துக்காரர், இருபது வருட அனுபவம்.

“மழைன்னா மழை நாள்ல மட்டும் சொட்டணும் மேடம். செப்டம்பர்ல பாருங்க, காய்ஞ்ச நாள்லயும் எழுதியிருக்காங்க. தண்ணி ஏர்ற லைன் உடைஞ்சிருந்தா எந்நேரமும் சொட்டும். இது ராத்திரி ஒண்ணு, காலைல ஏழரை. மேல யாரோ குளிச்சு ஒரு மணி நேரத்துல இறங்குது. நாஹனி ட்ராப்தான்.”

அந்த ஆறு வாக்கியத்தில் அவர் வழக்கையே பிரித்து வைத்துவிட்டார். பாத்ரூம் தளத்தை ஒரு அடி பள்ளமாக இறக்கிப் போட்டு, பைப் பதித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரையில் தண்ணீர் இறங்குகிற நாஹனி ட்ராப்பின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தேங்கி, கான்கிரீட்டில் ஊறி, கீழ்வீட்டுச் சீலிங்கில் வந்து எட்டிப்பார்க்கும். மேலிருந்து பார்த்தால் பாத்ரூம் பளபளவென்று இருக்கும்.

மேல்வீட்டில் மூன்று இளைஞர்கள், ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வந்து குளிப்பவர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு விஷயம் நடப்பதே தெரியாது. அந்த வீட்டின் சொந்தக்காரர் துபாயில். பிளம்பர் கீழே பெட்டிக்கடையில் இரண்டு பாட்டில் சொட்டு நீலம் வாங்கி வந்தார். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அந்தப் பையன்கள் வேடிக்கை பார்க்க, அவர்கள் பாத்ரூம் தரையில் மெதுவாக ஊற்றினார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அம்மாவிடமிருந்து போன். “வக்கீலம்மா, சீலிங்ல நீலம் பூத்திருக்கு.”

அன்றைய பேப்பரைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். பிளம்பரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் கையெழுத்தோடு குறிப்பு வாங்கினேன். அன்று முழுக்க எனக்கு ஒரே உற்சாகம். சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது, இந்த நீலம் இரண்டு பக்கமும் சாயம் ஏற்றும் என்று. குடித்தனக்காரர் ஈரத் துணியை உள்ளே காயப்போட்டதால் வந்த ஓதம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் கசிவு வீட்டுக்காரருடைய வீட்டில் இல்லை என்பதையும் நாமே நிரூபித்துக் கொடுத்திருக்கிறோம்.

20-ஆம் தேதி வந்த பதில் நோட்டீஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டது. மேற்படி கசிவு எமது கட்சிக்காரருக்குச் சொந்தமல்லாத பகுதியிலிருந்து வருவது, அன்னார் மற்றவர் வீட்டுத் தளத்தை உடைக்க முடியாது, எழுத்துப்பூர்வமான புகார் எதுவும் இந்த நோட்டீசுக்கு முன்பு வந்ததில்லை, வீடு வசிக்கத் தக்க நிலையிலேயே உள்ளது, ஆகவே ஒப்பந்தப்படி மீதித் தொகையைக் கட்ட வேண்டியது. முதல் ஆட்சேபத்துக்குப் பதில் எளிது. மேல்வீட்டுக்காரர் செய்த சேதத்துக்கு அவர்மேல் போவது வீட்டுக்காரரின் உரிமை. 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒழுகாத சீலிங்கைத் தருவது அவர் கடமை. ஒன்று நடக்கும்வரை மற்றதை நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் வசிக்கத் தகுதியற்றது என்ற சொல் கனமானது. இரண்டு படுக்கையறையில் ஒன்றுதான் போயிருந்தது, ஹாலில் பாய் போட இடமிருந்தது. ஒரு கண்டிப்பான நீதிபதி, மீதி வீட்டில் இருந்திருக்கலாமே என்று கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறித்தான் இருப்பேன்.

31-ஆம் தேதி சாமான் ஏற்றியாயிற்று. சாவியை வாங்க ஹெச்.எம். வரவில்லை, குடியிருப்புச் சங்கச் செயலாளரும் எனக்கெதற்கு வம்பு என்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சாவியை ஒப்படைக்காத வரை வீடு நம் வசம் இருப்பதாகச் சொல்லி வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து, மின் மீட்டரைப் படம் பிடித்து, சாவி என் அலுவலகத்தில் இருக்கிறது, எந்த வேலை நாளிலும் பெற்றுக்கொள்ளலாம் என்று கடிதம் போட்டேன். முருகன் படம் போட்ட பித்தளை வளையத்தில் இரண்டு சாவி. நான்கு மாதம் என் மேஜை டிராயரில் ஸ்டேப்ளர் பின்களோடு கிடந்தது.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். அந்த ஜனவரியில் ஒமைக்ரான் வந்து நீதிமன்றங்கள் மறுபடி திரைக்குள் போயின. வழக்குப் போட்டு இழுக்க என் கட்சிக்காரருக்குத் தெம்பில்லை, எனக்கும் அந்தத் தொகைக்கு அது நியாயமாகப் படவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுத்தேன். மார்ச் மாதம் உட்கார்ந்தோம்.

ஹெச்.எம்.மை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான மனிதர், சலவை வேட்டி, முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி பனித்துக்கொண்டே இருந்தது. மடியில் மஞ்சப்பை. அவருடைய இளம் வழக்கறிஞர் பதில் நோட்டீசில் உள்ளதையே ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். எழுத்துப்பூர்வமான புகார் இல்லை, எமது கட்சிக்காரருக்கு நிலைமை தெரிய வாய்ப்பில்லை, வீடு நல்ல நிலையில்...

“தெரியாம என்ன? நான் ஒண்ணும் சும்மா உட்கார்ந்திருக்கலீங்க” என்றார் ஹெச்.எம்.

சமரசருக்கு முன் மஞ்சப்பையிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. டேக் கயிறு கோத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் சிவப்பு மையில் எண் போட்டு வட்டமிட்டது. சங்கச் செயலாளருக்கு நான்கு கடிதங்களின் கார்பன் பிரதி, துபாய்க்காரருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் அச்சு. இளம் வழக்கறிஞர் ஃபைல் மேல் கை வைத்தார், அதற்குள் அது மேஜையின் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. அக்டோபரில் எழுதிய இரண்டாவது கடிதத்தில், தன் வீட்டுப் படுக்கையறை மனிதர் வசிக்க லாயக்கற்றதாகிவிட்டது, குடியிருப்பவரின் தாயார் வயதானவர், உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் சங்கமே பொறுப்பு என்று, முற்றுப்புள்ளி கமா தவறாமல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

நாங்கள் எழுதிக் கேட்காததை அவர் எங்களுக்காக எழுதிக் கேட்டிருந்தார், நான்கு முறை. என் கட்சிக்காரர் அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். “சார், இதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமே” என்றார். ஹெச்.எம். பதில் சொல்லவில்லை. முடியவில்லை என்று ஒரு குடித்தனக்காரரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். அதற்குத்தான் அந்தக் கும்பிடுகள்.

வக்கீலாக நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தரக் கேட்டேன், அதன் பொருள் என்ன என்பதைச் சமரசரிடம் எடுத்துச் சொன்னேன். நேர்மையாக இருந்த ஒருவரின் நேர்மையை வைத்தே அவரை மடக்கியது, இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகும் தொண்டையில் கொஞ்சம் நின்றது.

பணம் அவரிடம் இல்லை. அட்வான்ஸ் வாங்கிய அன்றே முந்தைய குடித்தனக்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு முன்பு இருந்தவருக்கும் அப்படித்தான். சென்னையில் பாதி அட்வான்ஸ் இப்படித்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது, புதிதாக வருபவர் பழையவரை அனுப்பி வைப்பார். சீலிங்கில் நீலம் பூத்த வீட்டுக்குப் புதிதாக யார் வருவார்? அந்த நாலாயிரம் ரூபாய்க் கணக்கு பேராசையில் போட்டதல்ல, பயத்தில் போட்டது என்று அப்போது புரிந்தது.

பெயிண்ட் செலவை அவரே விட்டுவிட்டார். முன்கூட்டிக் காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை 22,000 கழித்து, மீதி 1,28,000 ரூபாயை மார்ச்சிலும் ஏப்ரல் கடைசியிலும் பாதிப் பாதியாகத் தருவதாக முடிந்தது. என் கட்சிக்காரரின் அம்மாவுக்கு அந்த 22,000-இல் இன்னும் வருத்தம் உண்டு. ஆறு மாதம் தூக்கம் கெட்டதுக்கு நாமளே காசு கொடுக்கணுமா என்று கேட்டார். வழக்காடியிருந்தால் முழுதும் கிடைத்திருக்கும் என்றுதான் நானும் நம்புகிறேன், மூன்று வருடம் கழித்து.

மார்ச்சிலேயே சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். டூப்ளிகேட் இருக்கிறது, பணத்தை முழுதும் தீர்த்துவிட்டு இதை வாங்கிக்கொள்கிறேன் என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை, இரண்டாவது தவணை கட்டிய வங்கிச் சீட்டோடு தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்தார். சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“அந்த துபாய்க்காரர் மேலயும் சங்கத்து மேலயும் நீங்களே ஒரு கேஸ் போடுங்களேம்மா. எல்லாப் பேப்பரும் எங்கிட்ட இருக்கு.”

இந்த விஷயத்தில் நான் எதிர்த்தரப்புக்கு வாதாடியவள், இனி உங்களுக்காக நிற்பது எங்கள் தொழில் விதிப்படி சரியில்லை சார் என்று சொல்லி, இரண்டு கட்டடம் தள்ளி இருக்கும் நண்பர் ஒருவரின் அட்டையைக் கொடுத்தேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. விதி என்றால் விதி என்று தலையாட்டினார். பிறகு மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்து, சமரச ஒப்பந்த நகலைக் கடைசியாக வைத்து ஓரம் தட்டிச் சேர்த்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, சிவப்பு பேனா இருக்குமா என்று கேட்டார். என் ஜூனியர் தேடி எடுத்துக் கொடுத்தாள். வலது மூலையில் 48 என்று எழுதி, வட்டமிட்டு, மை காயும் வரை ஊதிவிட்டு, டேக் கயிற்றில் கோத்துக்கொண்டார்.